அனுப்பினோம் என்றது கணினி, வரவில்லை என்றார் மதலேன் சிஸ்டர்

சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் ஆபீசில் என் இடத்துக்கு வந்தவள் அவள்தான்.

"மேடம், புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஒரு கேள்வி. த்ரெட்லேருந்து ஸ்கிரீனுக்கு சேதி அனுப்ப நீங்க ஒரு முறை வச்சிருக்கீங்களே, அது எதுக்கு இவ்ளோ சுத்தி வளைச்சு இருக்குன்னு கேக்கறாங்க. இப்பல்லாம் ஒரே வரியில போயிடுது இல்ல? ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா காட்டிடுவேன்."

நாலு வரியாம்! என்னைத் தெரிந்த யாரும் என்னிடம் நாலு வரி கேட்கமாட்டார்கள். கேட்டது அவள் தப்பு. இனி உட்கார்ந்து படிப்பது அந்தப் பிள்ளைகளின் பாடு.

என் பெயர் மெஹருன்னிசா. லாஸ்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பையும் ஆக்ஸிஜனையும் காட்டும் பெட்டி ஒன்று இருக்குமே, அந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் கம்பி இழுத்து வந்து, நர்ஸ் உட்காரும் மேசையில் ஒரே திரையில் காட்டவேண்டும். ஏதாவது ஒரு கட்டிலில் அளவு இறங்கினால், திரையில் அந்தக் கட்டிலின் கட்டம் சிவப்பாகும், பீப் பீப் என்று கத்தும், நர்ஸ் எழுந்து ஓடுவார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கில் பட்டம் வாங்கினேன். அத்தாவுக்குக் குடைக்கடை. பொண்ணு கடையில் உட்கார வேண்டாம், வேறு எதையாவது கற்றுக்கொள்ளட்டும் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி அறை, கம்ப்யூட்டருக்கு ஓர் உறை, உறைக்கு மேல் ஒரு துண்டு. தர்காவுக்குள்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நுழைந்ததில்லை. சொந்தக்காரர்கள் "டைப்பிங்கா படிக்கறா?" என்று கேட்டால் அம்மா ஆமாம் என்று சொல்லிவிடுவார். விளக்கிச் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் அது அவரிடமிருந்து வந்ததுதான்.

எங்கள் மேலாளர் கலியபெருமாள் சார். பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பி விட்டுவிட்டு மொபெட்டில் ஆபீசுக்கு வருவார். சில நாட்கள் குதிகாலில் சேறு காயாமலே இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதைவிட மோசமான ஒன்று அவரிடம் இருந்தது. வேலை முடிந்தது சார் என்று போய் நின்றால் நாற்காலியைக் காட்டுவார்.

"உக்காரும்மா. கட்டில்லேருந்து ஒரு சேதி கெளம்புது. இப்ப அது எங்க இருக்கு?"

கம்பியில் இருக்கிறது என்போம்.

"சரி. இப்ப?"

இப்போது போர்ட்டில், கம்பி கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாயில். இப்போது த்ரெட்டின் கையில். இப்படித் திரைக்கு வந்து சேரும்வரை அந்தச் சேதியின் பின்னாலேயே நம்மை நடக்கவைப்பார். நடுவில் எங்காவது "அது... போயிடும் சார்" என்று இழுத்தோமோ, தொலைந்தோம். "போயிடும்னா? காத்துலயா போவுது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருப்போம்.

த்ரெட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலையாட்களை ஓடவிடலாம். எங்கள் புரோகிராமில் கட்டிலுக்கு ஒரு வேலையாள். அவனவன் தன் கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரையில் எழுதும் உரிமை மட்டும் ஒரே ஒருத்திக்கு. அவளைத்தான் நாங்கள் மெயின் லூப் என்போம். "ஏதாவது இருக்கா?" என்று கேட்பாள். இருந்தால் செய்வாள். மறுபடியும் "ஏதாவது இருக்கா?" மவுஸ் அசைந்தாலும் அவள்தான் பார்க்கவேண்டும், கட்டம் சிவப்பானாலும் அவள்தான் தீட்டவேண்டும். புரோகிராம் உயிரோடு இருக்கும்வரை அவள் வேறு எதுவும் செய்யமாட்டாள்.

சேர்ந்த புதிதில் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். வேலையாளே நேராகத் திரையில் எழுதிவிடட்டுமே, எதற்கு நடுவில் ஒருத்தி என்று எழுதிவைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் மதியம் திரை அப்படியே உறைந்துவிட்டது, மவுஸ்கூட நகரவில்லை. கலியபெருமாள் சார் வந்து பார்த்தார். "ஒரு வாணலி. பத்து பேரு கரண்டி போட்டு கிண்டுறீங்க. யாரு கையில யாரு கரண்டின்னு தெரியாம நிக்குது" என்றார். திட்டவே இல்லை. வேலையாள் திரையைத் தொடக்கூடாது, சேதியைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இன்றுவரை எனக்கு அந்த ஒருத்தியை நினைத்தால் ஆச்சரியம் தீரவில்லை. எத்தனை பேர் எத்தனை பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும், வரிசை குலையாமல், ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்து! சில மாலைகளில் வேலை முடிந்த பிறகும் அவள் ஓடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "வூட்டுக்குப் போவலியா?" என்று வாட்ச்மேன் வந்து கேட்பார்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன்.

ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் திரை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தலைமை நர்ஸ் மதலேன் சிஸ்டர். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டிய வயது. பழைய பிரெஞ்சுக் குடும்பம் என்று ஊரில் சொல்வார்களே, அந்த வழி. அண்ணன் தம்பி எல்லாம் பிரான்சில், இவர் மட்டும் போகவில்லை. தண்ணீர் கொடுத்தால் நன்றியைப் பிரெஞ்சில் "மெர்சிம்மா" என்பார். வார்டில் ஒரு தலையணை கோணலாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தப் பிரிவில் பிள்ளைச்சாவடிக்காரர் ஒருவர், ஏழுமலை, மீன்பிடிக்கிறவர், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். ஒரு நாள் நண்பகலில் அவர் மூக்கிலிருந்து ஆக்ஸிஜன் குழாய் நழுவிவிட்டது. அளவு இறங்கிக்கொண்டே போயிற்று. மேசைத் திரையில் சிவப்பு வரவில்லை. சத்தமும் வரவில்லை. பார்வையாளர்களை உள்ளே விடும் நேரத்தில் வந்த அவர் மனைவி, புருஷனின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து அலறிய பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், ஏழுமலை பிழைத்துக்கொண்டார். அந்த அம்மா மட்டும் மேசைக்கு முன்னால் நின்று கத்தியதை வார்டே கேட்டது.

"இம்மாம் பெரிய பொட்டிய வச்சிக்கினு இன்னாதான் பாக்கறீங்க? என் ஊட்டுக்காரரு செத்திருந்தா இந்தப் பொட்டி வந்து சோறு போடுமா?"

கட்டில் பெட்டியும் கத்தியிருக்கும்தான். ஆனால் மேசைத் திரை வந்த பிறகு, நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டில் பெட்டிகளின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் திரையைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி எங்களைக் கேட்டது. கணினி தானாக எழுதிவைக்கும் பதிவை நாங்கள் பார்த்தோம். ஏழுமலையின் கட்டிலைக் கவனித்த வேலையாள் அபாயச் சேதியை அனுப்பியிருக்கிறான், 'அனுப்பியாகிவிட்டது' என்று கணினியும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. அனுப்பிய சிவப்பை நர்ஸ் பார்க்கவில்லை, இடத்தில் இருந்திருக்கமாட்டார், அல்லது சத்தத்தை நிறுத்திவிட்டு மறந்திருப்பார் என்றார். மதலேன் சிஸ்டரை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. அந்த மாதக் கடைசிவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.

சிஸ்டர் சொன்னது ஒன்றேதான். "நான் எடத்துலதான் இருந்தேன். ஸ்கிரீன் முன்னாடிதான் இருந்தேன். சிவப்பு வரல." யார் கேட்டாலும் அதையே சொன்னார்.

எங்கள் ஆபீசில் சிலருக்கு நிம்மதி. பதிவு நம் பக்கம் இருக்கிறது, கம்பெனி பேர் தப்பித்தது. கலியபெருமாள் சார் மட்டும் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பினோம்னுதானே இருக்கு. சேர்ந்துச்சுன்னு எங்க இருக்கு?"

பதிவை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அந்தம்மா முப்பது வருஷமா நர்ஸு. வரலன்னு சொல்றாங்க. மெஹரும்மா, நீ போய் அங்க உக்காரு. அவங்க பாக்கறத நீயும் பாரு."

போனேன். சிஸ்டர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் பொம்மை. பொம்மை என்றால் ஒரு சின்னப் பெட்டி, கட்டில் பெட்டிக்குப் பதிலாகக் கம்பியில் சொருகினால் போலி நோயாளியாக நடிக்கும். பட்டனை அழுத்தினால் அதற்கு மூச்சு முட்டும். காலியாக இருந்த ஒரு கட்டிலின் கம்பியில் அதைச் சொருகி, அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரை பளீரென்று சிவந்து கத்தியது. சிஸ்டர் மாத்திரை எண்ணும்போது அழுத்தினேன், போன் பேசும்போது அழுத்தினேன், இரண்டு மூன்று கட்டில்கள் ஒன்றாகக் கத்தும்போது அழுத்தினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

சிஸ்டர் என்னிடம் கோபப்பட்டிருக்கலாம். நாங்கள் கொடுத்த பதிவைக் காட்டித்தானே அவரை அனுப்புகிறார்கள். அவரோ தினமும் தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார். "சாப்டும்மா. வெறும் வயித்துல எதையும் கண்டுபிடிக்க முடியாது." நாள் போய்க்கொண்டே இருந்தது.

நண்பகலில் கோயில் மணி அடிக்கும். மாதா கோயிலைத்தான் சொல்கிறேன். மணி அடித்ததும் சிஸ்டர் செபம் சொல்வார், மூவேளைச் செபம் என்று பெயர். அதற்கு முன்பே நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். ஒருவர் தொழும்போது பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. நான் தொழும்போது யாராவது அப்படிப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் முடித்திருப்பார் என்று தோன்றிய பிறகு உள்ளே வருவேன். சாயங்கால மணிக்கும் அப்படியே.

ஒரு நாள் பொம்மையின் கம்பி கழன்றுவிட்டது. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சொருகிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து மணி அடித்துவிட்டது. வெளியே வர வழியில்லை, சிஸ்டரின் கால் குறுக்கே இருந்தது. சரி, கம்பி பிடித்ததா என்று பார்ப்போம் என்று அடியில் இருந்தபடியே பட்டனை அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். ஊஹூம். கம்பியைத் தடவிப் பார்த்தேன், நன்றாகத்தான் சொருகியிருந்தது. மெல்லத் தலையை நீட்டி மேலே பார்த்தேன். அந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை மவுஸில். எங்கள் விண்டோவின் மேல்விளிம்பைப் பிடித்து, பாதி திரைக்கு வெளியே போகும்படி ஒரு பக்கமாக இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இழுத்த இடத்தில் பின்னாலிருந்து மாதா படம் தெரிந்தது. கம்ப்யூட்டரின் பின்னணிப் படமாக அதை யாரோ அவருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் கட்டில்களின் எண்கள் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. என் பொம்மையின் எண்ணும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கட்டம் மட்டும் பச்சையாகவே இருந்தது.

செபம் முடிந்தது, சிலுவை போட்டுக்கொண்டார், மவுஸை விட்டார். விண்டோ தானாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து திரையை மூடியது. அப்போதும் கட்டம் பச்சை. அந்தச் சேதி வரவே இல்லை.

விண்டோவை யாரும் சின்னதாக்கவோ மூடவோ கூடாது, நகர்த்தினாலும் கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நோயாளிகளின் பாதுகாப்புக்காகச் செய்தது. அதனால்தான் மாதா முன்னால் செபம் சொல்லவேண்டும் என்றால் அவர் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. வேறு எந்த வார்டிலும் யாரும் விண்டோவை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு குழாயும் நழுவவேண்டும். யோசித்துப் பாருங்கள், உலகத்தில் எத்தனை விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு சிவப்பு வராமல் போகிறது!

ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு ஓடினேன். கலியபெருமாள் சார் என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"சேதி கெளம்புது. வேலையாளு அனுப்பிட்டான். அந்தம்மா விண்டோவைப் புடிச்சிக்கினு இருக்காங்க. இப்ப அது எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை என்பதுதான் பதில். அதைக் கண்டுபிடிக்க மறுநாள் மாலைவரை ஆயிற்று.

விஷயம் இதுதான். வேலையாள் சேதியை மெயின் லூப்பின் பேருக்கு அனுப்பினான், எந்த விண்டோவுக்கு என்று எழுதவில்லை. தெருப் பேர் மட்டும் போட்டு வீட்டு நம்பர் போடாத தபால். வழக்கமான தபால்காரிக்கு நம்மைத் தெரியும், நம்பர் இல்லாவிட்டாலும் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஆனால் யாராவது விண்டோவைப் பிடித்து இழுக்கும் நேரத்தில், நாங்கள் எழுதிய லூப் அப்படியே நின்றுவிடும். கணினி தன் சொந்த லூப் ஒன்றை அங்கே ஓடவிடும். மாற்று ஆள். நம்பர் இருக்கும் தபாலை ஒழுங்காகக் கொடுப்பாள், இல்லாததைக் கீழே போட்டுவிடுவாள். யாருக்கும் சொல்லமாட்டாள். எண்களைப் புதுப்பிக்கும் தபாலில் நம்பர் இருந்தது, அதனால் திரை உயிரோடு இருப்பதுபோலவே தெரிந்தது. அபாயச் சேதியில் இல்லை. அதுவும் ஒரே ஒரு தடவைதான் வரும். அளவு கோட்டைத் தாண்டும்போது ஒருமுறை அனுப்பினால் போதும் என்று வைத்திருந்தோம். விழுந்தது விழுந்ததுதான்.

அந்த வரியை எழுதியவர் நல்ல புரோகிராமர், அதற்குள் வெளிநாடு போயிருந்தார். அப்போது யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கலியபெருமாள் சார் அன்றைக்கே புது முறையை வாயால் சொன்னார். வேலையாளுக்கு மூன்று வார்த்தை. "போடு, தட்டு, போ." சேதியைப் பூட்டுள்ள ஒரு பெட்டியில் போடு. வீட்டு நம்பரோடு ஒரு தட்டு தட்டு. பதிலுக்கு அங்கேயே நிற்காமல் உன் கம்பிக்குப் போ, நின்றால் நீ அவளுக்காகவும் அவள் உனக்காகவும் காத்துக்கொண்டு இரண்டு பேரும் உறைந்துபோவீர்கள். மெயின் லூப்புக்கு ஒரே கட்டளை. தட்டு கேட்டால் பெட்டி காலியாகும்வரை எடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் ஒரு தட்டாகக் கேட்கலாம், அதனால் தட்டை எண்ணாதே, பெட்டியைப் பார். கடைசியாக ஒன்று. திரையில் சிவப்பைத் தீட்டிய பிறகு, 'தீட்டிவிட்டேன்' என்று அவள் குறித்து வைக்கவேண்டும். அந்தக் குறிப்பு வரவில்லை என்றால் வேலையாள் மறுபடியும் போடுவான், மறுபடியும் தட்டுவான். சேதி சேர்ந்தது என்று சொல்லும் உரிமை பெற்றுக்கொண்டவளுக்கு மட்டும்தான்.

சுத்தி வளைச்சு இருக்காம்! சுகன்யா, இதை அந்தப் பிள்ளைகளிடம் உரக்கப் படித்துக் காட்டு.

சிஸ்டரிடம் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் சந்தோஷமாகத்தான் போனேன். உங்க தப்பு இல்ல சிஸ்டர், கண்டுபிடிச்சிட்டோம், விண்டோவை இழுத்துப் பிடிக்கறப்ப சேதி விழுந்துடுது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லாமல் போயிற்று.

"நான் செபம் சொல்றப்பவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் மாதாவை வேண்டிக்கினு இருந்தப்பவா அந்த மனுஷனுக்கு மூச்சு போச்சு?"

திரும்பி, பின்னணிப் படத்தை எடுத்துவிட்டார். வெறும் நீலம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எங்க புரோகிராம் பண்ணின தப்புக்கு மாதாவை எதுக்கு சிஸ்டர் எடுக்கறீங்க?" என்று வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். வேலை போகிறது என்று தெரிந்திருந்த அத்தனை நாளிலும் அவர் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கலியபெருமாள் சாரே வந்தார். நிர்வாக அதிகாரியைத் திரை முன்னால் சிஸ்டரின் நாற்காலியில் உட்காரவைத்தார். பழைய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், மவுஸை நீங்களே புடிங்க. மேல இருக்கற பட்டையைப் புடிச்சு கொஞ்சம் நவுத்துங்க. வுடாதீங்க. மெஹரும்மா, அழுத்து."

அழுத்தினேன். சிவப்பு வரவில்லை.

"எதுக்குப் புடிச்சீங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார். நீங்க புடிச்சாலும் வராது, நான் புடிச்சாலும் வராது. பின்னால பேப்பரை எடுக்க நவுத்தினாலும் வராது. தப்பு எங்களுது. எழுதிக் குடுத்துடறேன்."

அதிகாரி மவுஸை விட்டார். விட்ட பிறகும் கட்டம் பச்சையாகவே இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், நீங்க வேலையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. வேலை நிலைத்துவிட்டது. சிஸ்டர் தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை.

புது புரோகிராமைப் போட்டுவிட்டு நான் அங்கேயே இருந்தேன். மணி அடிக்கும் நேரம் நெருங்கியது. சிஸ்டர் தன் பாட்டுக்கு மாத்திரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"படத்தை வைங்க சிஸ்டர்."

"வேணாம்மா. மனசுக்குள்ள சொல்லிக்கறேன்."

"எனக்காக வைங்க. நீங்க எப்பவும் புடிக்கற மாதிரி புடிச்சு, அப்ப சிவப்பு வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும். அதிகாரி புடிச்சா எனக்குப் போதாது."

மாத்திரைகளை ஒதுக்கி வைத்தார். பிறகு படத்தை வைத்தார். மணி அடித்தது. விண்டோவைப் பிடித்து இழுத்தார், மாதா தெரிந்தாள், கண்ணை மூடினார். நான் பக்கத்திலேயே பொம்மையின் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செபத்தில் ஆழ்ந்துவிடட்டும், அப்புறம் அழுத்தலாம் என்று காத்திருந்தேன்.

அழுத்துவதற்கு முன்பே விண்டோ அவர் கையில் இருந்தபடியே சிவந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

நான் என் விரலைப் பார்த்தேன். நான் அழுத்தவில்லை. கட்டம் என் பொம்மையினுடையது இல்லை, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவருடையது. சிஸ்டர் கண்ணைத் திறந்தார், மவுஸை அப்படியே போட்டார், ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. நாற்காலி சுவரில் போய் இடித்தது.

கட்டில் பக்கம் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. எத்தனையோ வருஷமாக நான் பார்த்துப் பார்த்து வியந்த அந்த ஒருத்தி, அந்த மெயின் லூப், ஒரு கை தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, மாற்று ஆள் கொண்டுவந்த தட்டைக் கேட்டு, பெட்டியைத் திறந்து, எடுத்துக் கொடுத்துவிட்டாள். சிவப்பு மெல்ல அணைந்து கட்டம் பச்சைக்கு வந்தது.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். புடவையெல்லாம் வியர்வை. "கொழா மடங்கிக்கிச்சு. சரி பண்ணிட்டேன், நல்லாருக்காரு" என்றார்.

"செபம் பாதியில நின்னுடுச்சே சிஸ்டர்" என்றேன்.

"எங்க நின்னுச்சு? கொழாயை மாட்டிக்கினே மீதியையும் சொல்லிட்டேன். அந்தப் பெரியவரு நெத்தி நெறைய பட்டை போட்டிருக்காரும்மா. மூச்சு வந்ததும் கண்ணைத் தொறந்து, எனக்கு முன்னாடி அவரு ஆமென்னு சொல்றாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டு நான் அழுதேன்.